நோட்டீஸில் முட்டை இல்லை

காலை ஆறரை மணிக்குச் சாவி அண்ணன் பின்வாசல் படியில் வந்து நிற்பார். இடுப்பில் தொங்கும் இரும்பு வளையத்தைக் கழற்றி, அதில் கோத்திருக்கும் ஐம்பது அறுபது சாவிகளையும் மூன்று தரம் குலுக்குவார். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் அவை. வெட்டும்போது தப்பாகப் போனவை. சத்தம் கேட்டதும் மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து நான்கு சாம்பல் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழும். விழுந்த பிறகுதான் அவற்றுக்குக் காலும் கழுத்தும் உண்டு என்பது தெரியும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன மொட்டைத் தலை. அண்டாவுக்குக் கிண்ணத்தின் மூடியைப் போட்டு மூடினது போல இருக்கும். அவைதான் கின்னிக்கோழிகள்.

முற்றத்தின் மறு மூலையில் அவர் மனைவி நிற்பார். அவர் "பா, பா, பா" என்று கூப்பிட்டால் கோழிகள் பதினொன்றும், வாத்துகள் மூன்றும், வான்கோழி ஒன்றும் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தீனி போட வேண்டும். அரை நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் கலவரம். கின்னிகள் தங்கள் தட்டை இரண்டே நிமிடத்தில் காலி செய்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு வரிசையாக ஓடிவந்து, தின்றுகொண்டிருக்கும் கோழிகளைப் பின்பக்கமாகக் கொத்தும். சேவல் கூரைமேல் ஏறிக்கொண்டு அங்கிருந்து வீரம் பேசும். வாத்துகள் தொட்டிக்குள் இறங்கிவிடும். உருவத்தில் கின்னியைப் போல மூன்று பங்கு இருக்கும் வான்கோழி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, யாராவது தேடி வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கும்.

"உங்க ஆளுங்க எங்க ஆளுங்களை அடிக்கிறாங்க," என்பார் அண்ணி.

"அடிக்கலை. வரிசையில நிக்கச் சொல்றாங்க," என்பார் அண்ணன்.

அண்ணி அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே வார்டு. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் முதல் அடி வாங்கி அழுதவர்கள். அதனால் அவருக்கு எதைப் பார்த்தாலும் பதற்றம் வராது. அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் வரும். ஆனால் அது முகத்தில் தெரியாது. சாவி வளையத்தைச் சுற்றும் விரலில்தான் தெரியும்.

வீட்டின் தெருப்பக்க அறைதான் கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க இன்னும் வெட்டாத சாவிகள். நடுவில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டே அண்ணன் வியாபாரத்துக்கு விரோதமான உண்மைகளைச் சொல்வார். புதுப் பூட்டு வாங்கிவந்து பெருமையாகக் காட்டுபவரிடம், "பூட்டை நம்பாதீங்க. இந்தத் தெருவுல இருக்கிற எல்லாப் பூட்டையும் நான் ஒரு தரமாவது திறந்திருக்கேன். நான் ஒழுங்கா இருக்கிறதாலதான் உங்க சாமானெல்லாம் உங்க வீட்டுல இருக்கு," என்பார். வந்தவர் பூட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போவார். அண்ணன் வீட்டுப் பின்கதவுக்குப் பூட்டே கிடையாது. ஒரு வளைந்த கம்பி, அவ்வளவுதான்.

கின்னிகள் வந்தது அந்தக் கொள்கையால்தான். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தீவன அறையின் சாவியைத் தொலைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டார். அறையைத் திறந்து கொடுத்து, வழக்கம்போலப் பூட்டை நம்பாதீங்க என்று அண்ணன் சொன்னதும், அவர் கூலியோடு இரண்டு ஜோடிக் குஞ்சுகளையும் பெட்டியில் போட்டுக் கொடுத்து, "காவலுக்கு இதை மாதிரி எதுவும் வராது," என்றார். உண்மைதான். தபால்காரர் வந்தால் கத்தும். பூனை வந்தால் கத்தும். கொடியில் காயும் துண்டு கீழே விழுந்தால் நான்கும் சேர்ந்து ஊரைக் கூட்டும். "யாருமே வராதப்பவும் கத்துதே," என்று ஒருநாள் நான் கேட்டேன். நான் அவர் வீட்டு முற்றம் முழுக்கத் தெரிகிற எதிர் மாடியில் குடியிருப்பவன். கேட்க எனக்கு உரிமை இருந்தது. அண்ணன் அரத்தை நிறுத்தாமல் சொன்னார்: "யாரும் வரலைங்கிறதை வேற எப்படிங்க சொல்லும்?"

ஆண் கின்னியின் சத்தம், துருப்பிடித்த ஷட்டரை இழுத்துவிடுவது போல இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டையின் சத்தம் இரண்டு அசை. முதல் அசை தாழ்ந்து, இரண்டாவது எகிறும். தெருவில் முதலில் யார் காதில் அது வார்த்தையாக விழுந்தது என்று தெரியாது. ஒருமுறை விழுந்த பிறகு வேறு மாதிரி யாருக்கும் கேட்கவில்லை. "போச்சு, போச்சு, போச்சு" என்று, மூச்சு விடாமல், காலையிலிருந்து மாலை வரை.

பக்கத்து வீட்டில் பாலிசி சார். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். பருத்த உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று அவருக்கு, இன்னொன்று கையெழுத்துப் போட வருபவருக்கு. முன்னறையில் ஆளை உட்காரவைத்து, குடும்பம், குழந்தைகள், எதிர்காலம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அடுக்கிக்கொண்டு வருவார். வந்தவர் கண் கலங்கி, இரண்டாவது பேனாவைக் கையில் வாங்கும் நேரம் பார்த்து மதில்மேல் ஒரு பெட்டைக் கின்னி வந்து நிற்கும். "போச்சு, போச்சு." பேனா நின்றுவிடும். "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்," என்று எழுந்துபோனவர்கள் அந்த ஆண்டில் மட்டும் ஏழு பேர்.

பாலிசி சார் மதிலோரம் வந்து நின்று நியாயம் கேட்டார்.

"சாவி, உங்க கோழி என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"கோழி என்ன சார் சொல்லும்?"

"போச்சுன்னு சொல்லுது."

"உங்களுக்கு அப்படிக் கேக்குது. எங்க வீட்டுல அவங்களுக்கு 'மூச்சு, மூச்சு'ன்னு கேக்குதாம். பிரசவ வார்டுல இருக்காங்கல்ல."

பாலிசி சார் நல்ல மனிதர். மதில் தாண்டிக் கல் எறிகிற ஜாதி இல்லை. முறைப்படி எழுதி, நகல் எடுத்து, நகலை அண்ணனிடமே கொடுத்து, "நாளைக்கு இதைச் சுகாதார ஆபீஸ்ல குடுக்கப் போறேன், தப்பா நினைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் ஃபைல். அவர் முற்றத்தில் கால் வைத்ததும் நான்கு கின்னிகளும் வரிசையாக நின்று அவரைப் பார்த்தன. ஒரு முனகல் இல்லை. அவரும் பார்த்தார். அண்ணி தேநீர் கொடுத்தார். இருபது நிமிடம். மதிலுக்கு அந்தப் பக்கம் பாலிசி சார் தவித்தது இந்தப் பக்கம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கடைசியில் பேனாவை எடுத்து, "நேரில் சென்று பார்த்ததில் சத்தம் ஏதும் இல்லை," என்று எழுதி, எழுந்து, வெயிலுக்குக் குடையை விரித்தார். குடையை அந்தப் பறவைகள் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் வெடித்தன. இன்ஸ்பெக்டரின் தேநீர்க் கோப்பை தொட்டிக்குள் போய்விட்டது. அவர் குடையை மடக்கி, மறுபடி உட்கார்ந்து, எழுதின வரியை அடித்தார்.

அதிகச் சத்தம் எழுப்பும் பறவைகளைப் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. கோழி, வாத்து, வான்கோழி இருக்கலாம்.

அண்ணன் அதை மூன்று தரம் படித்தார். பிறகு வெட்டாத சாவிகளுக்கு நடுவில் ஒரு ஆணியில் மாட்டினார். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பதினான்காம் நாள், ஓட்டை போட்ட இரண்டு அட்டைப்பெட்டிகளோடு ஆட்டோவில் ஏறிப் பண்ணைக்குப் போனார். வழியெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து "போச்சு, போச்சு" என்று சத்தம் வர, ஆட்டோ ஓட்டினவர் இரண்டு தரம் இறங்கி டயரைப் பார்த்தாராம்.

மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல வளையத்தைக் குலுக்கினார். மரத்திலிருந்து எதுவும் விழவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கிளையைப் பார்த்தபடி நின்றார். கோழிகள் நிம்மதியாகத் தின்றன. சேவல் தரையில் நின்றபடியே நீளமாகக் கூவியது. அண்ணி அதைப் பார்த்து, "போதும், வாயை மூடு," என்றார்.

மூன்றாம் நாள் பாலிசி சார் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கடை வாசலில் நின்றார்.

"உங்க பொருள் என் வீட்டுல இருந்துது," என்றார்.

வாளிக்குள் முட்டைகள். கோழி முட்டையைவிடச் சிறிது, ஒரு முனை கூர்மை, தவிட்டு நிறம். பதினான்கு. கார் நிறுத்தும் இடத்தில், ஆட்களுக்குக் கொடுத்து மிஞ்சின பழைய காலண்டர்களைக் கட்டுக் கட்டாகப் போட்டு வைத்திருந்தாராம். அந்தக் கட்டுகளுக்கு நடுவில், இரண்டு பெட்டைகளும் திருட்டுத்தனமாக மதில் தாண்டி வந்து இட்டு வைத்திருக்கின்றன. கின்னிகளுக்கு அது குணம். கண்ணுக்கு முன்னால் முட்டை இடாது.

அண்ணன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஆணியிலிருந்த நோட்டீஸை எடுத்து வந்தார்.

"இதுல என்ன சார் போட்டிருக்கு? படிங்க."

"பறவைகளை அப்புறப்படுத்தணும்."

"முட்டைன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

பாலிசி சார் தொழில் ரீதியாக நிபந்தனைகளைப் படிப்பவர். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "போடலை," என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் அதில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

அண்ணியின் கோழிகளில் ஒன்றுக்கு மேட்ரன் என்று பெயர். கழுத்தில் கறுப்பு இறகு, யாரையும் பக்கத்தில் விடாத கண்டிப்பு. அடை உட்காரும் வெறி வந்தால் எதன்மேலும் உட்காரும். அந்த வாரம் அது ஒரு கூழாங்கல்லையும் ஒரு பாட்டில் மூடியையும் அடைகாத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அவற்றை எடுத்துவிட்டுப் பதினான்கு முட்டைகளையும் வைத்தார். கூட்டின் பலகையில் சாக்கட்டியால் தேதி போட்டார். கின்னி முட்டை பொரிய இருபத்தேழு நாள் ஆகும்.

இதில்தான் சங்கடம் வந்தது. மறுநாள் டியூட்டி முடிந்து காலையில் வந்த அண்ணி, மேட்ரன் தீனிக்கு இறங்கிய நேரத்தில் கூட்டைப் பார்த்தார். ஓரத்தில் இன்னும் இடம் இருந்தது. கையில் அன்றைய கோழி முட்டை நான்கு இருந்தது. அவர் வார்டில் இடம் இருக்கும்போது யாரையும் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. வைத்துவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் அண்ணி முற்றத்திலிருந்து கூப்பிட்டார். "ஏங்க, வாங்க. நாலு வந்தாச்சு."

அண்ணன் அரத்தோடு ஓடிவந்தார். "இன்னும் நாள் ஆகலையே."

"குறைப்பிரசவம்னு வெச்சுக்குங்க. நாலும் நல்லா இருக்கு."

அண்ணன் குனிந்து பார்த்தார். பஞ்சு மாதிரி நான்கு மஞ்சள் குஞ்சுகள். "இது கோழிக்குஞ்சு."

"ஆமா. நான் வெச்சது."

"எப்ப?"

"நீங்க வெச்ச மறுநாள். இடம் இருந்துது."

அண்ணன் பலகையிலிருந்த தேதியைத் தொட்டார். "கோழிக்கு இருபத்தொண்ணு. கின்னிக்கு இருபத்தேழு. குஞ்சு கண்ணுல பட்டா இவ எழுந்து போயிடுவாளே. மத்ததெல்லாம் என்ன ஆகும்?"

அண்ணி பலகையைப் பார்த்தார். "இதை எனக்கு யார் சொன்னாங்க?"

"நீ கேக்கலை."

"நீங்க சொல்லலை."

இரண்டும் உண்மையாக இருந்ததால் பேச்சு அதற்குமேல் போகவில்லை.

அடுத்த நாள் மேட்ரன் நான்கு குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு இறங்கிப்போனது. அண்ணன் அதை மூன்று தரம் தூக்கிவந்து முட்டைமேல் உட்காரவைத்தார். மூன்று தரமும் அவர் மணிக்கட்டில் கொத்திவிட்டு இறங்கியது. "டிஸ்சார்ஜ் ஆனவளை மறுபடி கட்டில்ல படுன்னா எப்படிங்க படுப்பா?" என்றார் அண்ணி. மற்றக் கோழி எதற்கும் அப்போது அடை உட்காரும் எண்ணம் இல்லை.

அரை மணி நேரத்தில் கடையில் ஒரு மரப்பெட்டி தயாராகிவிட்டது. உள்ளே பழைய துணி, மேலே ஒரு பல்பு, மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர். பூட்டின் துவாரத்துக்குள் பார்க்கும் சின்ன டார்ச்சை ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் பிடித்து அண்ணன் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மூன்றில் ஒன்றுமே இல்லை. பதினொன்றில் இருட்டாக ஏதோ அசைந்தது. அண்ணி வார்டிலிருந்து வெப்பமானி கொண்டுவந்தார். கூடவே ஒரு அட்டையில் கோடு போட்டு, மணி, சூடு, திருப்பியது என்று கட்டம் கட்டி, பெட்டியின் பக்கத்தில் தொங்கவிட்டார். "லேசாக் காய்ச்சல் அடிக்கிற உடம்பு மாதிரி இருக்கணும். அதுக்கு மேல போகக் கூடாது. கடைசி மூணு நாள் திருப்பாதீங்க." மன்னிப்பு என்ற வார்த்தையை அண்ணி சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த அட்டையில் கட்டங்கள் ஸ்கேல் வைத்துப் போடப்பட்டிருந்தன.

அண்ணன் வெளிவேலைக்குப் போவதை நிறுத்தினார். காருக்குள் சாவியை வைத்து மூடிவிட்டவர், பீரோ திறக்காதவர், எல்லாருக்கும் ஒரே பதில்: "முடியாதுங்க. வீட்டுல பிரசவம்." இந்தச் செய்தி தெருவில் நடந்த வேகத்துக்கு நான் சாட்சி. அடுத்த தெரு டீச்சரம்மா, ஐம்பது வயதாகும் அண்ணியை வழியில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனையாவது மாசம்?" என்று மெதுவாகக் கேட்டார். "இருபத்தஞ்சாவது நாள்," என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ் ஏறிவிட்டார்.

இருபத்தாறாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

என் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொல்லலாம் என்று அப்போதுதான் நான் கடைக்குள் நுழைந்திருந்தேன். அண்ணன் ஐந்து நிமிடம் பல்பையே பார்த்தார். பிறகு ஒரு துண்டை இரண்டாக மடித்துப் பை போலத் தைத்த ஏதோ ஒன்றை எடுத்தார். இதற்கென்று முன்பே தைத்து வைத்திருக்கிறார்! முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் அடுக்கி, வயிற்றில் கட்டி, சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மாட்டி, முக்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். "பேசுங்க, தம்பி. ஆனா சிரிக்க வைக்காதீங்க," என்றார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாலிசி சார் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"சாவி, கதவு சாத்திக்கிச்சு. அடுப்புல பால் இருக்கு."

"உங்க வீட்டம்மா இல்லையா?"

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துதுன்னு வெளிய வந்தேன். காத்து அடிச்சுது. புதுப் பூட்டு, தானாப் பூட்டிக்கும்."

"இன்னொரு சாவி?"

"உள்ளே. பூட்டு வாங்கின டப்பாவுல."

"பத்திரமா இருக்கு," என்றார் அண்ணன். ஆனால் எழுந்திருக்கவில்லை. "என்னால வர முடியாது சார். கரண்ட் இல்லை."

"கதவு திறக்க எதுக்குய்யா கரண்ட்?"

அண்ணன் நடுப் பொத்தான் இரண்டைக் கழற்றிக் காட்டினார். பாலிசி சார் குனிந்து பார்த்தார். "இது... அதுவா?"

"நீங்க வாளியில கொண்டு வந்தது. இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. நான் குனிஞ்சா உடையும். இறக்கி வெச்சா குளிர்ந்துடும்."

பாலிசி சார் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அண்ணன் வயிற்றைப் பார்த்தார். நான் முன்வந்து, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க எலும்பு மேல வெச்சா சூடு எங்கேர்ந்து வரும்?" பிறகு, ஒரு பூட்டுக்கு எந்தச் சாவி சேரும் என்று பார்க்கும் கண்ணால், பாலிசி சாரின் நடுப்பகுதியை மெல்ல அளந்தார்.

"சார், சட்டைப் பட்டனைக் கழட்டுங்க."

இடம் மாற்றியது ஒரு நிமிட வேலை. இஸ்திரி போட்ட சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் திரும்ப மாட்ட வரவில்லை. பாலிசி சார் முக்காலியில், இரண்டு கைகளையும் அடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் கம்பிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

சுவரிலிருந்த நோட்டீஸ் பாலிசி சாரின் மூக்குக்கு நேராக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். அவருடைய போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். "இப்பப் பேச முடியாது," என்றார் கிசுகிசுப்பாக. "ஒரு பொறுப்புல இருக்கேன். இல்லை, கூட்டம் இல்லை. அப்புறம் சொல்றேன்."

திடீரென்று அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். நான் பேசவே இல்லை.

"உள்ளேர்ந்து தட்டுறான்," என்றார்.

காதைக் கிட்டே கொண்டுபோனேன். துணிக்குள்ளிருந்து, நகத்தால் சுண்டுவது போல ஒரு சத்தம். பிறகு மிக மெல்லிய ஒரு கீச்சு. பாலிசி சார் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். கண் விரிந்து, நெற்றி வேர்த்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அந்த நேரத்தில் அண்ணி டியூட்டி முடிந்து வாசலில் நுழைந்தார். தன் கணவனின் முக்காலியில், திறந்த சட்டையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்து, அவர் தோளில் கை வைத்து, "மூச்சை அடக்காதீங்க. மெதுவா விடுங்க. ஆங், அப்படித்தான்," என்றார். பாலிசி சார் விட்டார்.

இருபது நிமிடம் கழித்து அண்ணன் திரும்பிவந்தார். அவரோடு கூடக் கருகின பாலின் வாசனையும் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டாராம், பாத்திரம்தான் இனி உதவாது.

"நல்ல பூட்டு சார்," என்றார். அவர் ஒரு பூட்டைப் புகழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"திறந்துட்டீங்களா?"

"இல்லை. திறக்க முடியலை. அப்புறம் சுத்திப் போய்ப் பார்த்தா, பின்கதவு சும்மாதான் சாத்தியிருந்துது."

பாலிசி சார் கோபப்பட வேண்டிய இடம் அது. அவருக்கு நேரம் இருக்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முட்டைகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியதும், "கரண்ட் வரட்டும். சும்மா மாத்தி மாத்தி ஆட்டாதீங்க," என்றார். கரண்ட் ஒன்றே முக்காலுக்கு வந்தது. அதுவரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அண்ணிக்கு விடுமுறை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பெட்டி அருகே உட்கார்ந்தார். அண்ணன் பெட்டியைச் சுற்றி நடந்தார். "வெளிய போய் நில்லுங்க. அப்பாக்களுக்கு உள்ள அனுமதி இல்லை," என்று அண்ணி அவரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார். பகல் இரண்டு மணிக்குள் ஒன்பது வந்துவிட்டன. தவிட்டு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட உடம்பு, ஆரஞ்சு நிறக் கால். பொழுது சாயும் நேரத்தில், மேட்ரன் தன் நான்கு குஞ்சுகளோடு கண் சொருகி உட்கார்ந்திருந்தபோது, அண்ணி ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் தள்ளினார். மேட்ரன் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தது. எண்ணத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. இறக்கையை இன்னும் கொஞ்சம் அகட்டியது.

மதிலுக்கு மேல் பாலிசி சாரின் தலை தெரிந்தது. "எத்தனை?"

"ஒன்பது சார்."

"நான் பதினொண்ணு வெச்சிருந்தேனே."

"ரெண்டு வரலை சார்."

தலை உடனே இறங்கவில்லை.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்க வந்தார். இந்தத் தடவை குடை இல்லை. முறைப்படி, புகார் கொடுத்தவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். முற்றத்தில் மேட்ரன் பதின்மூன்று குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் கோடு போட்டதெல்லாம் என்ன?" என்றார்.

அண்ணனின் விரல் சாவி வளையத்தைச் சுற்ற ஆரம்பித்தது. அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் பாலிசி சார் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

"அம்மா கோழி," என்றார். "குஞ்சு வேற என்னவா சார் இருக்கும்?"

இன்ஸ்பெக்டர் கோழியைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், புகார் கொடுத்தவரைப் பார்த்தார். "உங்களுக்கு இப்ப ஆட்சேபணை ஏதும் இல்லையே?"

"இன்னிக்கு இல்லை."

பாலிசி சார் தன் பையிலிருந்த இரண்டாவது பேனாவால் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் தெருமுனை திரும்பினதும் அண்ணனிடம் திரும்பி, காது வரை சிவந்த முகத்தோடு, "இது தற்காலிகம். மூணு மாசத்துக்குத்தான் செல்லும். பெட்டைங்க வாயைத் திறந்தா மறுபடி எழுதுவேன்," என்றார். "எழுதுங்க சார்," என்றார் அண்ணன். இன்றைக்கு இரண்டாவது மாதம் நடக்கிறது. கோழி வளர்த்த பிள்ளைகள் என்பதால் அந்த ஒன்பதும் மரத்தில் ஏறுவதில்லை. பொழுது சாய்ந்தால் மேட்ரன் பின்னால் கூட்டுக்குள் போய்விடுகின்றன. காலையில் அண்ணி கூப்பிட்டாலும் வருகின்றன, அண்ணன் கூப்பிட்டாலும் வருகின்றன. இதனால் வீட்டில் யார் ஆளுங்க யாரை அடிக்கிறார்கள் என்ற கணக்கு இப்போது குழம்பிக் கிடக்கிறது.

போன வாரம் தாழ்ப்பாளுக்காகத் திரும்பவும் கடைக்குப் போனேன். அண்ணன் ராவிக்கொண்டிருந்தார். அண்ணி வார்டுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அரம் கை நழுவி முக்காலிக்குக் கீழே விழுந்தது. அண்ணன் அதை எடுக்கக் குனியப் போனார். குனிவதற்கு முன், தன்னையறியாமல், இடது கையைச் சட்டைக்கு மேலே வயிற்றின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மட்டும் மெல்ல மடக்கினார். பாதியில் நான் பார்ப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அண்ணி போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து அரத்தை எடுத்து, அவர் வலது கையில் வைத்துவிட்டு, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.